ஒலி வடித்த கைகள்

நுழையும்முன்

தேநீர்க் கடையிலும் பேருந்திலும் கல்லூரி விடுதியிலும் இன்று ஒலிக்கும் கையடக்க ஒலிபெருக்கிகள் பலவற்றின்மீது ஜேபிஎல் என்னும் மூன்று எழுத்துகளைக் காணலாம். அவை ஒரு மனிதருடைய பெயரின் முதலெழுத்துகள் என்பதை அறிந்தோர் சிலரே. அப்பெயரும் அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று, அவராகவே சூட்டிக்கொண்டது. அவர் வாழ்ந்த காலத்திலேயே அது கைமாறியது. ஒன்றோடொன்று போட்டியிட்ட இரு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளிலும் ஏறியது. நுண்மையான கைவினைத் திறனும் வணிகத்தில் ஓயாத இன்னலும் ஒருங்கே அமைந்த ஜேம்ஸ் பி. லான்சிங்கின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமைப் பருவம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் 1902ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஜேம்ஸ் மார்ட்டினி பிறந்தார். தந்தை ஹென்றி மார்ட்டினி நிலக்கரிச் சுரங்கத் தொழில் சார்ந்த பொறியாளர். தாய் கிரேஸ். அக்குடும்பத்தில் பிறந்த பதினான்கு குழந்தைகளுள் ஜேம்ஸ் ஒன்பதாமவர். சுரங்கம் இருக்கும் இடமே வீடு இருக்கும் இடமாக அமைந்தமையால், குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்தது. சிறுவனாக இருந்தபோது சில காலம் லிட்ச்ஃபீல்டு என்னும் ஊரில் புல்லோ என்னும் குடும்பத்தாருடன் அவர் தங்கியிருந்தார். அக்குடும்பப் பெயரைப் பிற்காலத்தில் தம் பெயரின் நடுவில் வைத்துக்கொண்டார் என்பதிலிருந்து அவ்வீடு அவர் மனத்தில் பெற்றிருந்த இடத்தை உணரலாம்.

மின்னியலில் அவருக்கிருந்த ஆர்வம் மிக இளமையிலேயே வெளிப்பட்டது. ஏறத்தாழப் பத்து வயதில் மின்னூட்டத்தைச் சேமிக்கும் லெய்டன் சாடி ஒன்றைத் தாமே செய்து, அதைத் தொட வைத்து விளையாட்டுத் தோழர்களைத் துள்ளச் செய்தார் என்பர். வீட்டிலேயே அவர் அமைத்த சிறிய வானொலி அலைபரப்பியின் குறிகள் தொலைவிலிருந்த கடற்படை நிலையம் வரை எட்டியதாகவும், அங்கிருந்து வந்தோர் அதைக் கழற்றச் செய்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. மேதைகளின் இளமையைப் பற்றி இத்தகைய கதைகள் எந்நாட்டிலும் வளர்வது இயல்பே. ஆயினும், அவர் கல்லூரியில் பொறியியல் பயின்று பட்டம் பெற்றவரல்லர் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அவர் முறையாகக் கற்ற தொழில் தானுந்து பழுதுபார்த்தல். உலோகத்தைக் கடைதல், இழைத்தல், அளவு பிசகாமல் பொருத்துதல் ஆகியவற்றைப் பட்டறையிலேயே அவர் கற்றார். பின்னாளில் அவர் செய்த ஒலிபெருக்கிகளைத் திறந்து பார்த்தவர்கள், அவற்றின் உட்பகுதிகளில் கண்டு வியந்ததும் அந்தப் பட்டறைத் திறனையே.

1924ஆம் ஆண்டு நவம்பரில் அவருடைய தாய் காலமானார். அதன்பின் வீட்டைவிட்டுப் புறப்பட்ட ஜேம்ஸ், 1925ஆம் ஆண்டு யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரத்தை அடைந்தார். அங்கு ஒரு வானொலி நிலையத்தில் பொறியியல் பணி கிடைத்தது. கிளென்னா பீட்டர்சன் என்பாரை மணந்துகொண்டதும் அந்நகரில்தான். அவர் வாழ்வில் மற்றொரு திருப்பமாக அமைந்த கென் டெக்கர் என்னும் நண்பரின் அறிமுகமும் அங்குதான் வாய்த்தது.

புதிய பெயரும் புதிய தொழிலும்

அக்காலத்தில் அமெரிக்கா முழுவதும் வானொலி பரவிக்கொண்டிருந்தது. 1920ஆம் ஆண்டுக்குப்பின் சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான ஒலிபரப்பு நிலையங்கள் தோன்றின. தொடக்கத்தில் காதில் மாட்டிக்கொண்டு ஒருவர் மட்டுமே கேட்ட வானொலியைக் குடும்பமே சுற்றி அமர்ந்து கேட்க விரும்பியது. அதற்கு நல்ல ஒலிபெருக்கி தேவைப்பட்டது. 1925ஆம் ஆண்டு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் ஆகிய இருவர், காந்தத்தின் இடைவெளியில் கம்பிச்சுருள் அசைந்து காகிதக் கூம்பை அதிரச் செய்யும் ஒலிபெருக்கியைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். இன்று நம் கைப்பேசியிலும் திருமண மண்டபத்திலும் ஒலிப்பது அடிப்படையில் அதே அமைப்புதான்.

இத்துறையில் தமக்கு இடமுண்டு என உணர்ந்த ஜேம்ஸும் டெக்கரும் லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்குச் சென்றனர். 1927ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் லான்சிங் உற்பத்தி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதையொட்டியே ஜேம்ஸ் மார்ட்டினி, ஜேம்ஸ் புல்லோ லான்சிங் எனத் தம் பெயரை மாற்றிக்கொண்டார். கணக்கு வழக்குகளையும் விற்பனையையும் டெக்கர் கவனிக்க, உருவாக்கும் பணி முழுவதையும் லான்சிங் மேற்கொண்டார். வானொலிப் பெட்டிகளுக்குள் பொருத்துவதற்குரிய 6 அங்குல, 8 அங்குல ஒலிபெருக்கிகளே அவர்களுடைய முதற்பொருள்கள். ஒருவர் கை செய்ய, மற்றவர் கை விற்கும் இந்த ஏற்பாடு பொருந்தி அமைந்தது. அது எவ்வளவு பொருத்தமானது என்பது பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே முழுமையாகப் புரிந்தது.

பேசும் படமும் இரட்டை ஒலியும்

நிறுவனம் தொடங்கிய அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் த ஜாஸ் சிங்கர் என்னும் திரைப்படம் வெளிவந்து, பேசும் படக் காலத்தைத் தொடங்கி வைத்தது. ஹாலிவுட் லாஸ் ஏஞ்சலீஸில் இருந்தமையால், திரையுலகின் தேவைகள் லான்சிங்கின் பட்டறை வாயிலுக்கே வந்துசேர்ந்தன எனலாம்.

ஆயிரக்கணக்கானோர் அமரும் பெரிய அரங்குகளில் பின்வரிசையில் இருப்பவருக்கும் வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆனால், மின்குறியை வலுப்படுத்தும் ஆம்ப்ளிஃபயர்கள் அன்று இன்றைய அளவோடு ஒப்பிட மிகச் சிறிய ஆற்றலே தந்தன. ஆகவே, கிடைத்த சிறிதளவு மின்னாற்றலில் இயன்றவரை மிகுதியான ஒலியைப் பெறுவதே அக்கால ஒலிபெருக்கிக் கலையின் தலையாய நோக்கமாக இருந்தது. அதற்குத் துணைநின்றது ஹாரன் என்னும் விரிகுழல் அமைப்பு. நாகசுரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசு, சீவாளியில் பிறக்கும் மெல்லிய அதிர்வைக் காற்றில் பரவச் செய்வதற்கு உதவுவது போல, சிறிய தகட்டின் அதிர்வை விரிகுழல் அரங்கு முழுவதும் கொண்டு சேர்க்கும்.

அன்று திரையரங்குகளுக்கான ஒலிக்கருவிகளைப் பெரும்பாலும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக், ஆர்சிஏ என்னும் இரு பெருநிறுவனங்களே வழங்கிவந்தன. அவற்றின் தரம், எம்ஜிஎம் படப்பிடிப்பு நிலையத்தின் ஒலித்துறைத் தலைவரான டக்ளஸ் ஷியரருக்கு நிறைவளிக்கவில்லை. இவர் புகழ்பெற்ற நடிகை நார்மா ஷியரரின் உடன்பிறந்தவர். ஒலிப்பதிவில் உள்ள நயங்கள் அரங்கில் கேட்கவில்லை என்னும் குறை அவருக்கு நெடுநாள் இருந்தது. 1933ஆம் ஆண்டு அவர் துணிவான ஒரு முடிவுக்கு வந்தார்: பெருநிறுவனங்களை எதிர்பார்க்காமல், தம் பொறியாளர்களைக் கொண்டே புதிய ஒலிபெருக்கி அமைப்பை உருவாக்குவது. ஜான் ஹில்லியர்டு அப்பணிக்குத் தலைமை ஏற்றார். ஒலியை உருவாக்கும் உறுப்புகளைச் செய்யும் பொறுப்பு லான்சிங்கிடம் வந்தது. லான்சிங் நிறுவனத்தின் இளம் அறிவியலாளர் ஜான் பிளாக்பர்ன் அவருக்குத் துணைநின்றார்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல்களுள் ஒன்று சுவையானது. தாழ்ந்த சுருதிக்கு ஒன்றும் உயர்ந்த சுருதிக்கு மற்றொன்றுமாக இரு வகை ஒலிபெருக்கிகளை இணைத்துப் பயன்படுத்தும் முறை அப்போதே அறியப்பட்டிருந்தது. ஆனால், தாழ்ந்த சுருதிக்குரிய விரிகுழல் மிக நீளமானது. பல மடிப்புகளாக மடித்து வைக்கப்பட்டது. உயர்ந்த சுருதிக்குரியதோ குட்டையானது. ஒலி ஓர் அடி தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும். நீண்ட குழல்வழி வரும் ஒலி, குட்டைக் குழல்வழி வரும் ஒலிக்குப் பின்தங்கியே கேட்பவர் செவியை அடையும். பேச்சில் இவ்வேறுபாடு எளிதில் புலப்படாது. காலணியின் அடியில் உலோகத் தகடு பொருத்தித் தரையில் தட்டி ஆடும் டேப் நடனக் காட்சியை ஓட்டியபோது அது அம்பலமாயிற்று. ஒரு தட்டல் இரு தட்டலாகக் கேட்டது! இரு குழல்களின் நீளத்தையும் ஏறத்தாழ இணையாக அமைத்து அக்குறையை அவர்கள் நீக்கினர். கருவிகளால் எளிதில் அளக்க இயலாதிருந்த ஒரு பிழையை ஒரு நடனக் கலைஞரின் காலடி ஓசை காட்டிக்கொடுத்தது.

இவ்வாறு உருவான அமைப்பு ஷியரர் ஹாரன் எனப் பெயர்பெற்றது. அதன் தாழ்சுருதிக்குரிய 15 அங்குல ஒலிபெருக்கியும், உயர்சுருதிக்குரிய அமுக்கவகை ஒலியியக்கியும் லான்சிங்கின் பட்டறையில் பிறந்தவை. 1936ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது ஷியரருக்கும் எம்ஜிஎம் ஒலித்துறைக்கும் இந்த இருவழி அமைப்பிற்காக வழங்கப்பட்டது. அவ்விருதில் லான்சிங்கின் பெயர் இடம்பெறவில்லை. ஆயினும், திரைத்துறையினர் அவரை அறிந்துகொண்டனர். அடுத்து 1937ஆம் ஆண்டளவில் இதே கொள்கையைச் சிறிய வடிவில் அமைத்து, ஐகானிக் என்னும் ஒலிபெருக்கியை அவர் வெளியிட்டார். ஒலிப்பதிவுக் கூடங்களில் பொறியாளர்கள் தம் பதிவைச் சரிபார்த்துக் கேட்க அது பயன்பட்டது.

கம்பிச்சுருளின் நுட்பம்

லான்சிங்கின் தனித்திறம் எதில் இருந்தது என்பதை அறிய, ஒலிபெருக்கியின் உள்ளே சற்று நுழைந்து பார்த்தல் வேண்டும். வலிமையான காந்தத்தின் நடுவே வட்டமான குறுகிய இடைவெளி ஒன்று இருக்கும். அதனுள் உராயாமல் முன்னும் பின்னும் அசையுமாறு கம்பிச்சுருள் தொங்கும். பாட்டின் மின்குறி அச்சுருளில் பாயும்போது, காந்தப்புலம் அதைத் தள்ளியும் இழுத்தும் அசைக்கிறது. சுருளோடு ஒட்டிய கூம்பு அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. இடைவெளி எவ்வளவு குறுகுகிறதோ, அதனுள் எவ்வளவு மிகுதியான உலோகம் நிறைகிறதோ, அவ்வளவுக்கு விசை கூடும். ஆனால், மயிரிழை பிசகினாலும் சுருள் காந்தத்தில் உரசி ஒலி கெடும்.

வழக்கமான சுருளை உருண்டைக் கம்பியால் சுற்றுவர். உருண்டைகளை அடுக்கினால் அவற்றிடையே வெற்றிடம் இருக்கும் அல்லவா? கூடையில் அடுக்கிய எலுமிச்சம்பழங்களுக்கு இடையே சந்து இருப்பதைப் போன்றது அது. லான்சிங் தட்டையான நாடா வடிவக் கம்பியை எடுத்து, அதைப் படுக்க வைக்காமல் விளிம்பின்மீது நிற்கவைத்துச் சுற்றினார். ஏட்டுச்சுவடியின் ஓலைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதுபோலச் சுற்றுகள் நெருங்கி அமைந்தன. வெற்றிடம் வெகுவாகக் குறைந்தது. இம்முறை அவருக்கு முன்னரே அறியப்பட்டிருந்ததுதான். ஆனால், முறியாமலும் முறுக்கேறாமலும் தட்டைக் கம்பியை விளிம்பில் நிறுத்தி வளைப்பது எளிய செயலன்று. அதைப் பெரிய சுருள்களிலும், நாள்தோறும் தொழிற்சாலையில் பிழையின்றிச் செய்யத்தக்க வேலையாகவும் வளர்த்ததே அவருடைய சாதனை. அதற்குரிய சுற்றும் முறைகளையும் கருவிகளையும் அவரே வகுத்தார். புதியதைக் கண்டறிவோரை உலகம் எளிதில் நினைவில் வைக்கிறது. கண்டறிந்ததைச் செம்மையாகச் செய்து காட்டுவோருக்கு அத்தகைய இடம் கிடைப்பதில்லை. லான்சிங்கின் சிறப்பு பெரிதும் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது.

கைமாறிய பெயர்

1939ஆம் ஆண்டு கென் டெக்கர் விமான விபத்தில் உயிரிழந்தார். நண்பரின் இழப்போடு, நிறுவனத்தைக் கட்டிக்காத்த வணிகத் துணையின் இழப்புமாக அது அமைந்தது. சிறந்த பொருளைச் செய்யத் தெரிந்த லான்சிங்கிற்கு அதன் விலையை ஆதாயம் வருமாறு வகுக்கவும், வரவேண்டிய பணத்தை உரிய காலத்தில் பெறவும், கடன்காரருக்கு விடையிறுக்கவும் தெரியவில்லை. நிறுவனத்தின் பண நிலை இரண்டே ஆண்டுகளில் தளர்ந்தது.

அப்போது ஆல்டெக் என்னும் நிறுவனம் முன்வந்தது. திரையரங்குக் கருவிகளைப் பராமரிக்கும் தொழிலை வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கைவிட்டபோது, அங்குப் பணியாற்றியவர்கள் சேர்ந்து அமைத்த நிறுவனம் அது. கருவிகளைப் பழுதுபார்த்துவந்த அவர்களுக்குத் தாமே கருவிகளைச் செய்யவும் ஒரு தொழிற்சாலை தேவைப்பட்டது. 1941ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள் லான்சிங்கின் நிறுவனத்தை ஆல்டெக் வாங்கியது. மூன்று நாள்களுக்குப்பின் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியது.

புதிய நிறுவனத்திற்கு ஆல்டெக் லான்சிங் எனப் பெயரிடப்பட்டது. லான்சிங் பொறியியல் துறையின் துணைத்தலைவர் ஆனார். கணக்குச் சுமை நீங்கிய அந்த ஆண்டுகள் அவருடைய படைப்பாற்றலுக்கு ஏற்றவையாக அமைந்தன என்றே கூற வேண்டும். தட்டைக் கம்பியை விரைந்து சுற்றும் முறை அப்போது முதிர்ச்சி பெற்றது. 15 அங்குல ஒலிபெருக்கியின் நடுவிலேயே உயர்சுருதிக்குரிய சிறிய விரிகுழலைப் பொருத்திய 604 என்னும் வகை அக்காலத்தில் உருவாகி, அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. போர் முடிந்த 1945ஆம் ஆண்டு வெளிவந்த வாய்ஸ் ஆஃப் த தியேட்டர் என்னும் பெரிய ஒலிபெருக்கி வரிசை, திரைக்குப் பின்னால் நின்று உலகின் பல அரங்குகளில் ஒலித்தது.

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிவடையும் தறுவாயில், 1946ஆம் ஆண்டு லான்சிங் ஆல்டெக்கை விட்டு விலகினார். நிலையான ஊதியமும் மதிப்புமிக்க பதவியும் இருந்த இடத்தை அவர் ஏன் துறந்தார் என்னும் வினா எழலாம். தம் விருப்பப்படி தம் பெயரில் பொருள்களைச் செய்ய விரும்பினார் என்பதே அவருடைய பிற்காலச் செயல்கள் உணர்த்தும் விடை. ஆனால், அந்தப் பெயர் இப்போது அவருக்கு மட்டும் உரியதாக இல்லை.

மீண்டும் ஒரு தொடக்கம்

1946ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் லான்சிங் சவுண்டு என்னும் புதிய நிறுவனத்தை அவர் தொடங்கினார். ஆல்டெக் லான்சிங் உடனே மறுப்புத் தெரிவித்தது. இரு நிறுவனங்களும் ஒலிபெருக்கி செய்பவை. இரண்டின் பெயரிலும் லான்சிங் இருந்தால் வாங்குவோர் குழம்புவர் என்பது அவர்கள் வாதம். சட்ட நோக்கில் அவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. விலை கொடுத்து வாங்கிய பெயரை அவர்கள் காக்கவே முயன்றனர். இறுதியில் ஜேம்ஸ் பி. லான்சிங் சவுண்டு எனத் தம் முழுப்பெயரையும் வைத்துக்கொள்ள அவர் இணங்கினார். ஐகானிக் என்னும் பெயரையும் விட்டுக்கொடுத்தார். பின்னர் 1950களில் இதே பூசல் மீண்டும் எழுந்தபோதுதான், முழுப்பெயரைப் பின்னுக்குத் தள்ளி ஜேபிஎல் என்னும் மூன்று எழுத்துகள் முத்திரையாக முன்னுக்கு வந்தன.

புதிய நிறுவனத்தின் புகழ்மிக்க படைப்பு டி 130 என்னும் 15 அங்குல ஒலிபெருக்கி. அதன் கம்பிச்சுருளின் விட்டம் 4 அங்குலம். கூம்பு வகை ஒலிபெருக்கியில் அவ்வளவு பெரிய சுருளை அமைப்பது அன்று அரிது. விளிம்பில் நிற்கும் தட்டைக் கம்பி, போருக்குப்பின் பரவலாகக் கிடைத்த அல்னிகோ ஐந்து என்னும் வலிய நிலைக்காந்தம், நடுவில் பளபளக்கும் அலுமினியக் குமிழ் ஆகியவற்றுடன் அமைந்த அது, குறைந்த மின்னாற்றலிலும் வியக்கத்தக்க உரத்த ஒலியைத் தந்தது. அதே அடிப்படை அமைப்புடன் அது பல பத்தாண்டுகள் விற்பனையில் நீடித்தது.

படைப்பு வென்றது, வணிகம் மீண்டும் தோற்றது. முதலீடு போதவில்லை. மூலப்பொருள்களை வாங்கிய கடன் பெருகியது. மார்க்குவார்ட் என்னும் விமானப்பொறி நிறுவனம் பண உதவியும் இடமும் அளித்து, கணக்குகளைக் கவனிக்க வில்லியம் தாமஸ் என்னும் அலுவலரையும் அனுப்பியது. சில காலம் மூச்சுவிட முடிந்தது. பின்னர் அந்நிறுவனமே வேறொரு பெருநிறுவனத்தின் கைக்குச் சென்றது. புதிய உரிமையாளர்களுக்கு ஒலிபெருக்கித் தொழிலில் நாட்டமில்லை. உறவு முறிந்தது, லான்சிங் மீண்டும் தனித்துவிடப்பட்டார். தென் கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்னுமிடத்தில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது; அங்கு வெண்ணெய்ப்பழ மரங்களை அவர் வளர்த்துவந்தார். கடன்காரர்களின் நெருக்கடியிலிருந்து அவருக்குக் கிடைத்த ஓய்விடமாக அது இருந்திருக்கலாம்.

1949ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 47. மனைவியும் மக்களும் நண்பர்களும் அதிர்ச்சியில் ஆழ்ந்தனர். அவருடைய உள்ளத்தில் திரண்டிருந்த சுமையை உடனிருந்தோர் முழுமையாக அறிந்திருக்கவில்லை. பின்னோக்கிப் பார்க்கும்போது, அவரை வருத்திய கடன் தீர்க்க முடியாத ஒன்றன்று. கணக்கறிந்த ஒருவர் பொறுப்பேற்றவுடன் சில ஆண்டுகளில் அதே நிறுவனம், அவர் வடிவமைத்த அதே பொருள்களைக் கொண்டே நிமிர்ந்து நின்றது. அவ்வளர்ச்சியைக் காண அவர் இல்லை என்பதே பெருந்துயர்.

அவருக்குப் பின்

நிறுவனத்தைக் கைவிடாமல் நடத்தியவர் வில்லியம் தாமஸ். கிளென்னாவிடமிருந்த பங்குகளை அவர் விலைக்குப் பெற்று முழுப்பொறுப்பையும் ஏற்றார். அப்போது நெடுநேரம் ஓடும் இசைத்தட்டுகள் அறிமுகமாகி, வீட்டிலேயே அரங்கிசையைப் போன்ற தெளிவுடன் கேட்க வேண்டும் என்னும் வேட்கை அமெரிக்க நடுத்தர வகுப்பினரிடையே பரவத் தொடங்கியிருந்தது. ஹை-ஃபை எனப்பட்ட அந்த அலைக்கு ஏற்ற பொருள்களைத் தாமஸ் வெளியிட்டார். 1954ஆம் ஆண்டு அறைமூலையில் நிறுத்தும் ஹார்ட்ஸ்ஃபீல்டு வந்தது. 1957ஆம் ஆண்டு வெளியான பாரகான், ஏறத்தாழ 9 அடி நீளமுள்ள வளைந்த மரப்பலகையுடன் கூடியது. ஒலிபெருக்கி என்பதைவிடச் சிற்பம் எனத் தோன்றுவது. மற்றொரு புறம், மின்கிதார் செய்த லியோ ஃபெண்டர் டி 130இன் உறுதியைக் கண்டு தம் கருவிகளில் அதைப் பொருத்தினார். வீட்டு இசைக்கு எனச் செய்த ஒன்று ராக் இசைமேடையில் ஏறியது. லான்சிங் கேட்டறியாத இசை அது.

1969ஆம் ஆண்டு ஜேபிஎல் நிறுவனத்தைச் சிட்னி ஹார்மன் வாங்கினார். அடுத்த ஆண்டு வெளிவந்த எல் 100 என்னும் ஒலிபெருக்கி, அக்கால அமெரிக்க ஒலிக்கருவிக் கடைகளைக் கண்டவர்கள் மறக்க இயலாத ஒன்று. சதுரம் சதுரமாக வெட்டப்பட்டது போன்ற பஞ்சுமுகம் அதற்கு இருந்தது. செம்மஞ்சள், நீலம், பழுப்பு ஆகிய நிறங்களில் அது கிடைத்தது. நகர்ப்புறக் கடைகளில் இதற்கெனத் தனியறை இருக்கும். சுவர் முழுவதும் ஒலிபெருக்கிகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரே இசைத்தட்டை ஓடவிட்டு, விசைப்பலகையின் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தி, எது நன்று எனக் கேட்பவரே முடிவு செய்வார். மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஏஆர் நிறுவனத்தார், மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி அமைதியும் சமநிலையும் கொண்ட ஒலியைத் தந்தனர். கலிபோர்னிய மரபில் வந்த ஜேபிஎல், மேடையில் நேரில் கேட்பதைப் போன்ற துடிப்பைத் தந்தது. முன்னதைக் கிழக்குக் கரை ஒலி என்றும் பின்னதை மேற்குக் கரை ஒலி என்றும் கடைக்காரர்கள் வழங்கினர்.

இப்போட்டியில் ஒரு நுட்பமும் உண்டு. ஒரே அளவு மின்னாற்றலில் ஒன்று மற்றதைவிட உரத்து ஒலிக்குமாயின், உரத்து ஒலிப்பதையே செவி சிறந்தது எனக் கருதிவிடும். நேர்மையான கடைக்காரர் இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிய பின்னரே ஒப்பிட்டுக் காட்டுவார். விற்பனை மட்டுமே குறியாக உடையவர் அவ்வாறு செய்யமாட்டார். சிறிய ஆற்றலில் பெரிய ஒலி என்னும் திரையரங்குக் காலத்துக் கொள்கை, நாற்பது ஆண்டுகளுக்குப்பின் கடை விற்பனையில் இவ்வாறு கைகொடுத்தது.

எல் 100இன் வரலாற்றில் இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அது ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக ஜேபிஎல் செய்த 4310 என்னும் ஒலிபெருக்கியின் வீட்டு வடிவம். 4310ஐ வடிவமைத்தபோது, கூடங்களில் பொறியாளர்களின் செவிக்கு நன்கு பழகியிருந்த மற்றொரு ஒலிபெருக்கியின் ஒலிப்பண்பைத் தழுவியே அதை அமைத்தனர். அவ்வாறு தழுவப்பட்டது போட்டி நிறுவனமான ஆல்டெக் லான்சிங்கின் 604. லான்சிங் அங்குப் பணியாற்றிய ஆண்டுகளில் பிறந்தது. கடையின் விசைப்பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆல்டெக் லான்சிங்கும் அடுத்த பொத்தானை அழுத்தினால் ஜேம்ஸ் பி. லான்சிங்கும் ஒலித்த அவ்வறைகளில், வாங்க வந்தவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தனர்.